விடுமுறை எமக்கும் உரியது

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுடன் பணியாற்றும் நான், மாதாந்தக் கூட்டங்களில் சகோதரிகளிடம் ஒரு பயிற்சியைச் செய்விப்பதுண்டு. காலையில் எழும்புவது முதல் இரவு படுப்பது வரை செய்கின்ற வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொல்வேன். விடிய நாலரைக்கு அடுப்பு மூட்டுவதில் தொடங்கி, தண்ணீர் அள்ளுதல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புதல், கூலி வேலை, கோழிக்குத் தீன், வயதான மாமியாருக்கு மருந்து என்று பட்டியல் கரும்பலகையின் அடிவரை நீளும். "இதில் உங்களுக்கென்று இருக்கிற நேரம் எது?" என்று அடுத்ததாகக் கேட்பேன். கூட்டம் அமைதியாகிவிடும். ஒருமுறை ஒரு சகோதரி, "படுக்கிற நேரம்தான் பிள்ளை, அதுவும் நித்திரை வந்தால்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பதிலை மறுத்துப் பேச அங்கு ஒருவர்கூட இருக்கவில்லை.

விடுமுறை என்பது மாதச் சம்பளம் எடுப்பவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் உரிய விடயம் என்றே எம்மில் பலர் எண்ணுகின்றோம். சட்டங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 24 ஆம் உறுப்புரை, இளைப்பாறுவதற்கும் ஓய்வு பெறுவதற்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கின்றது. பெண்களுக்கெதிரான சகலவித பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான 1979 ஆம் ஆண்டின் சமவாயத்தை இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 13 ஆம் உறுப்புரை பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்கின்றது. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை பிள்ளைகளின் ஓய்வையும் விளையாட்டையும் பற்றியது. சோற்றையும் கல்வியையும் போல இதுவும் உரிமையென எழுதிவைத்திருக்கின்றார்கள்.

எமக்குத் தடையாக இருப்பது பணம் மாத்திரமல்ல. கணவனை இழந்தவள், கணவனைத் தேடிக்கொண்டிருப்பவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் சிரிக்கலாமா, நல்ல உடுப்பு உடுத்து பஸ் ஏறலாமா என்று ஊர் கேட்கும். ஊர் கேட்காவிட்டாலும் எமது மனமே கேட்கும். இதைப் பற்றிக் கூட்டங்களில் எவ்வளவு பேசினாலும் விளங்குவது குறைவு. ஆதலால் எமது குடும்பம் 2024 தை மாதத்தில் மன்னாருக்குப் போய் மூன்று நாட்கள் இருந்துவிட்டு வந்த கதையை இங்கே எழுதுகின்றேன்.

போவதா, விடுவதா?

நாங்கள் கிளிநொச்சியைச் சேர்ந்தவர்கள். 2008 இன் பிற்பகுதியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, 2009 இல் மாத்தளன் கரையில் மணலில் பதுங்குகுழி வெட்டி இருந்தவர்கள். அந்த மணல் நிற்காது. வெட்ட வெட்டச் சரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பின்னர் மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பினோம். அத்தான் திரும்பவில்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த அக்காவின் மகளுக்கு இப்பயணத்தின்போது பதினைந்து வயது. 2017 மாசியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அக்காவும் அமர்ந்தவர். அம்மாவோ 2009 இற்குப் பின்னர் கடற்கரைப் பக்கம் போனதேயில்லை. "கடலைப் பாத்தது போதும்" என்பார்.

உயர்தரப் பரீட்சைக்காகப் பாடசாலைகள் மூடியிருந்த காலம் அது. கடற்கரைக்குப் போவோமா என்று கேட்டது அக்காவின் மகள். அவளுடைய வகுப்பில் எல்லோரும் கடலில் குளித்த கதை சொல்கின்றார்களாம். இவளிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை. அக்கா தையல் காசில் பத்து மாதமாகப் போட்டுவந்த சீட்டு அந்த மாதம்தான் விழுந்திருந்தது. அதில் ஒரு பகுதியை எடுப்பது என்று முடிவாயிற்று.

செய்தி வெளியில் போனதும், பெரியம்மா முறையான ஒருவர் வேலியடியில் நின்று, "இப்ப என்ன கடற்கரை வேண்டிக்கிடக்கு?" என்று கேட்டார். அக்கா முகம் வாடி உள்ளே வந்து, எடுத்து வைத்த பையைக் கவிழ்த்துவிட்டார். அவரைச் சம்மதிக்க வைத்தது நானல்ல, அம்மா. "பிள்ளை கேட்டது அவளிட்டயில்லை, உன்னட்ட. நானும் வாறன், வெளிக்கிடு" என்றார். கடலை வெறுத்த அம்மாவின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பின்னர் அக்காவினால் மறுக்க முடியவில்லை.

புறப்படும் முன் நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மூன்று நாளும் அம்மாவும் அக்காவும் அடுப்படிக்குள் போவதில்லை. குடும்பமாகச் சுற்றுலா போகின்ற பெண்களைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் சமைத்ததை அங்கே போய்ச் சமைப்பார்கள். வீட்டில் கழுவியதை அங்கே போய்க் கழுவுவார்கள். இடம் மாறுமே தவிர வேலை மாறாது. எனவே தேநீர், காலைச் சாப்பாடு, பாத்திரம் கழுவுதல் யாவும் எனது கணவரதும் எனதும் பொறுப்பாயின. முதல் நாள் புட்டு சற்றுக் கட்டியாகத்தான் இருந்தது. அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே பெரிய காரியம்.

தாம்போதியில் பூநாரைகள்

பூநகரியூடாக ஏ32 வீதியில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு கடந்து மன்னாருக்குப் போனோம். பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கின்ற தாம்போதி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளமானது. 1990 இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. வீதியின் இருபுறமும் ஆழமில்லாத நீரும் சேறும் உவர்நிலமும் பரந்து கிடக்கின்றன. இதனை அண்டியதே வங்காலை சரணாலயம். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இவ்விடம், 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இலங்கையில் அப்பட்டியலுக்குப் போன நான்காவது இடம் இது. இதன் பரப்பளவு 4,839 ஹெக்டேயர்.

எனது ஏழு வயது மகன்தான் முதலில் கண்டான். "அம்மா, அங்க பூ மிதக்குது!" என்றான். தூரத்தில் நீருக்கு மேல் வெளிர் ரோசா நிறத்தில் ஒரு கோடு. இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவ்வளவும் பூநாரைகள். எண்ண முடியாத கூட்டம். என்னுடன் வேலை செய்யும் ஒருவரிடம் இரவல் வாங்கிய பழைய தொலைநோக்கி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ஒருவர் மாறி ஒருவராகப் பிடித்துப் பார்த்தோம்.

பூநாரை காலினால் சேற்றைக் கலக்கி, தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சொண்டினால் நீரை வடித்து உண்கின்றது. மா அரிப்பதைப் போலத்தான். அது உண்கின்ற பாசியிலும் சின்ன இறால்களிலும் உள்ள நிறப்பொருளே அதன் சிறகுகளுக்கு ரோசா நிறத்தைக் கொடுக்கின்றது. குஞ்சுகள் சாம்பல் நிறம். நிறம் வர இரண்டு மூன்று வருடங்கள் செல்லும். ஒரு தடவையில் ஒரு முட்டைதான் இடும். தாயும் தந்தையும் சேர்ந்தே ஊட்டுகின்றன. குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரு கூட்டமாக விட்டு, சில பெரிய பறவைகள் காவல் நிற்க, மற்றவை இரை தேடப் போகும். கைத்தொலைபேசியில் பார்த்து இதை அக்காவின் மகள் வாசித்துக் காட்டினாள். அக்கா சிரித்துவிட்டு, "எங்கட மெனிக் பாம் மாதிரித்தான். தண்ணி லைனுக்கு நாங்கள் போக, பிள்ளையள் முழுக்க ஆச்சியோட" என்றார். முகாம் வாழ்க்கையைப் பற்றி அக்கா சிரித்துக்கொண்டு சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பூநாரையை விட என்னைக் கவர்ந்தது கரையோரத்தில் ஓடித் திரிந்த சின்னஞ்சிறிய உள்ளான். நிறை 25 கிராம் அளவில் இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி சீனியின் பாரம். அந்த உடம்போடு அது வட துருவத்தை அண்டிய நாடுகளில் கூடு கட்டி, குளிருக்கு முன் புறப்பட்டு, மத்திய ஆசியாவையும் இந்தியாவையும் கடந்து எமது கரைக்கு வருகின்றது. புரட்டாதி, ஐப்பசியில் இப்படி வரத் தொடங்குகின்ற பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்கின்றன. மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட ஒரு கடற்காகம் 2021 இல் ரஷ்யாவின் வட துருவப் பகுதிவரை போய், அதே ஆண்டிலேயே மன்னாருக்குத் திரும்பியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கின்றார்கள்.

"இதுகளும் இடம்பெயர்ந்து வந்ததுகள்தான், என்ன அம்மம்மா?" என்று அக்காவின் மகள் கேட்டாள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லை மோனை. இதுகள் நேரம் பாத்து வெளிக்கிடுதுகள். எங்களுக்கு ஆர் நேரம் தந்தது?" என்றார். பறவைகளின் பயணத்தையும் எமது இடப்பெயர்வையும் ஒன்றாக்கிப் பேசுவது மேடைகளில் வழக்கம். அம்மாவின் பதிலுக்குப் பின்னர் நான் அப்படிப் பேசுவதில்லை.

தாழ்வுபாட்டுக் கரையில்

தை மாதத்தில் வாடைக்காற்று வீசுவதால் தீவின் வடபக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். தென்பக்கம் அமைதியாக இருக்கும். அதனால் இரண்டாம் நாள் தென்கரையிலுள்ள தாழ்வுபாட்டுக்குப் போனோம். தூரத்தில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. மன்னாரின் தென்கரையில் 2020 மார்கழியில் திறக்கப்பட்ட மின் நிலையத்தில் 30 காற்றாலைகள் உள்ளன. பறவைகள் வந்து போகும் வழியில் மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார் மக்களும் சூழலியலாளர்களும் குரல் கொடுத்து வந்திருக்கின்றார்கள்.

பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடினார்கள். அக்காவும் அம்மாவும் கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்தார்கள். அம்மா கடலுக்கு முதுகு காட்டி இருந்தார். ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை. அதிர்ச்சிக்குள்ளானவரை அவர் அஞ்சுகின்ற இடத்துக்கு இழுத்துச் செல்வது உதவியாகாது. வர விரும்பிய அளவுக்கு வரட்டும், திரும்ப விரும்பினால் திரும்பட்டும் என்று விடுவதே சரி.

பக்கத்தில் ஓர் அம்மா கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். காகங்களை விரட்டிக்கொண்டே, "எங்கயிருந்து பிள்ளை?" என்று கதைக்கத் தொடங்கினார். அவரும் முகாமில் இருந்தவர்தான். எங்கள் கையிலிருந்த தொலைநோக்கியைப் பார்த்து, "இதென்னத்துக்கு? எங்களைக் கேட்டால் சொல்லுவம்" என்றார். சொன்னார். அதோ வெள்ளையாகப் பறந்து பறந்து கீழே விழுவது ஆலா. ஆலா கூட்டமாக விழுகின்ற இடத்தில் மீன் நிற்கும். அதைப் பார்த்துத்தான் வள்ளக்காரர் வலை போடுவார்கள். செந்நிற உடம்பும் வெள்ளைத் தலையும் உள்ளது செம்பருந்து. கருவாட்டுக்கு அதுதான் பெரிய கள்ளன். மணலில் ஒரு சின்னப் பள்ளம் பறித்து ஆலா முட்டையிடும். முட்டையும் மணல் நிறம், காலடி பார்த்து வைக்காவிட்டால் மிதிபட்டுவிடும்.

அவர் "அங்க, அங்க" என்று கையைக் காட்டிய திசையெல்லாம் கடல்தான். ஆலாவைப் பார்க்க வேண்டுமானால் கடலைப் பார்த்தாக வேண்டும். அம்மா முதலில் கழுத்தைத் திருப்பினார். பின்னர் முழுதாகத் திரும்பி இருந்தார். "அது விழுந்தது, மீன் பிடிச்சதோ?" என்று கேட்டார். கருவாட்டுக்கார அம்மா, "பொறுங்கோ அக்கா, அடுத்த முறை பிடிக்கும்" என்றார். இருவரும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆலாவுக்குக் கணக்குப் பார்த்தார்கள். அம்மா தண்ணீரில் கால் வைக்கவில்லை. அன்றும் வைக்கவில்லை, மறுநாளும் வைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, "அந்தத் தொலைநோக்கியை எடுத்து வைச்சனியோ?" என்று கேட்டவர் அவர்தான்.

அன்று மாலை அக்கா பிள்ளைகளுடன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஓர் அலை வந்து எல்லோரையும் விழுத்தியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தது கரைவரை கேட்டது. சற்று நேரத்தின் பின் கரைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். "அவரும் வந்திருந்தால்…" என்று மட்டும் சொன்னார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் தண்ணீருக்குள் போனார். சிரித்ததனால் அவர் அத்தானைத் தேடுவதை நிறுத்தவில்லை. ஊர் திரும்பிய பின்னரும் வழமைபோல அத்தானின் படத்தை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

பறவை பார்ப்பதால் என்ன பயன்?

உளவளத்துணையில் ஓர் எளிய பயிற்சி உண்டு. மனம் பழைய நினைவுகளில் சிக்கித் தவிக்கின்றபோது, இப்போது கண்ணில் தெரிகின்ற ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்வோம். அதன் பின் காதில் கேட்பவற்றை. அந்த நேரத்தில் மனம் இன்றைய நாளுக்கு, இருக்கின்ற இடத்துக்குத் திரும்பி வருகின்றது. பறவை பார்ப்பதும் ஏறக்குறைய இதையே செய்கின்றது. சொண்டு நீளமா, கட்டையா? கால் என்ன நிறம்? நடக்கின்றதா, ஓடுகின்றதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகின்றபோது வேறெதையும் நினைக்க இடமிருப்பதில்லை. இது மருந்துக்கு மாற்றீடல்ல. நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு, வாழ விருப்பமின்மை போன்றவை தொடர்ந்து இருக்குமானால் உங்கள் பிரதேச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள்.

குடும்பத்துக்குள் இன்னொரு பயனும் உண்டு. எமது வீடுகளில் பிள்ளைகளுடன் நாம் பேசுவது பெரும்பாலும் கட்டளையாகவே இருக்கின்றது: படி, சாப்பிடு, கெதியாய் வா. ஒரு பறவையைச் சேர்ந்து பார்க்கும்போது பிள்ளை எமக்குச் சொல்லித் தருகின்றது. நாம் கேட்கின்றோம். பதினைந்து வயது மகளும் அக்காவும் சண்டையில்லாமல் மூன்று நாள் பேசிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பூநாரைகளும் ஒரு காரணம்.

நீங்களும் போகலாம்

தூர இடம் தேவையில்லை. வடக்கில் இருப்பவர்களுக்குச் சுண்டிக்குளம் உண்டு. 1938 முதல் சரணாலயமாக இருந்த அவ்விடம் 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. யாழ்ப்பாணத்தில் பண்ணைத் தாம்போதியும், கிழக்கில் மட்டக்களப்பு வாவிக் கரையும் பஸ்ஸில் போகக்கூடியவை. அதுவும் இயலாதவர்களுக்கு ஊர்க் குளமே போதும். இரணைமடுவின் நீர்க்காகமும் வயலில் கத்துகின்ற ஆட்காட்டியும் காசு கேட்பதில்லை.

பறவை பார்க்கக் காலை ஆறு மணி தொடக்கம் ஒன்பது வரையும், பின்னேரம் நான்கின் பின்னரும் நல்ல நேரம். வருகின்ற பறவைகளைக் காண மார்கழி முதல் மாசி வரை உகந்தது. தொலைநோக்கி இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். கண்ட பறவையின் நிறம், சொண்டு, கால், செய்த வேலை ஆகியவற்றைப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பெயர் தெரியாவிட்டால் நீங்களே ஒரு பெயர் வையுங்கள். கூட்டத்தைக் கலைத்து ஓடவிடுவதும் முட்டைக்குக் கிட்டப் போவதும் வேண்டாம்.

பழக்கமில்லாத கரையில் கடற்றொழிலாளரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் பணி முடிவடையாத இடங்கள் வடக்கில் இன்னும் இருக்கின்றன. ஆகவே எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும், ஆட்கள் புழங்காத பற்றைக்கும் பிள்ளைகளை விடவேண்டாம். தனியே போகத் தயங்குபவர்கள் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போங்கள். மாதர் சங்கத்தில் சிறு சீட்டுப் போட்டு வருடத்துக்கு ஒரு நாளேனும் வெளியே போகலாம். 2004 ஆழிப்பேரலையில் உறவுகளைக் கொடுத்தவர்களும் 2009 இல் கடலோரத்தில் துயரப்பட்டவர்களும் உங்கள் குழுவில் இருந்தால், முதல் தடவை குளக்கரையைத் தெரிவு செய்யுங்கள்.

சகோதரிகளே, துயரம் ஒரு பக்கத்தில் இருக்க, ஒரு நாள் இளைப்பாறுவதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வேலியடியில் நின்று கேள்வி கேட்பவரையும் முடிந்தால் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் வீட்டில் ஓய்வு கிடைத்திருக்காது. ஐப்பசி பிறந்ததும் பறவைகள் வரத் தொடங்கிவிடும். அடுத்த கூட்டத்தில் கரும்பலகைப் பட்டியலை எழுதுகின்றபோது, உங்களுக்கென்று ஒரு நேரத்தையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள்.